எட்டாவது பெண்ணின் தலைக்குப் பின்னால்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்று தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறார்கள். பள்ளிக்கூடக் கட்டுரைகளிலும், காப்பீட்டு முகவர்களின் பேச்சிலும், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் டாக்டர்களின் வாயிலும் இந்தப் பிழையான கருத்து எந்த ஆதாரமும் இன்றிப் பரவிக் கிடப்பதை மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். சித்திரத்துக்குச் சுவர் தேவையில்லை. அனுமானத்தில் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே சொல்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததிலிருந்து என் எதிரே ஒரு சித்திரம் இருக்கிறது, அதற்குச் சுவர் இல்லை. சுவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன் ஒரு காலைப்பொழுதில் தள்ளிவிட்டது. செங்கல்லை யாரோ லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்று அது கோயம்புத்தூரில் யார் வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கிறதோ, அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. இங்கே இருப்பது ஒட்டுப்பலகை. அதன்மேல் மெல்லிசாகச் சுண்ணாம்பு பூசி, மில் கோடவுனாக இருந்து ஆர்ட் கேலரியாக மாறிவிட்ட இந்தக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிறுத்தி, பம்ப் ஹவுஸ் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த அதே சித்திரத்தை மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறார்கள். வரிசையாகப் பெண்கள், மில் வேலைப் பெண்கள், ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு ஒரே நூல் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் அந்த நூல் ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டில் போய் முடிகிறது. ஓவியர் தேவசகாயம் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு கோடை விடுமுறையில் வரைந்தது. அவரும் போய்விட்டார். ஆகச் சுவரும் வேண்டியதில்லை, சித்திரக்காரரும் வேண்டியதில்லை. அதே சமயம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது, அசல் சுவர், மில்காரர்கள் கட்டியது, தலையைச் சாய்த்தால் சில்லென்று இருக்கிறது, புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள், அதில் சித்திரம் எதுவும் இல்லை. பழமொழி இரண்டு பக்கமும் தோற்றுவிட்டது.

காலும் சில்லென்று இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்துவிட்டேன். தரை அப்படிப் பளபளத்தது, உடம்பு தானாகக் குனிந்து கழற்றிவிட்டது. "ஐயோ சார், செருப்பெல்லாம் போட்டுட்டே வரலாங்க, இது கோயில் இல்லீங்க" என்றாள் மிருதுளா. இந்தக் கண்காட்சியைப் பொறுப்பெடுத்து நடத்துகிற பெண், என் மகளைவிடச் சின்னவள், கழுத்தில் சாவிக்கொத்தைத் தாலி போலத் தொங்கவிட்டிருக்கிறாள். கழற்றியதை மறுபடி போடுவது கழற்றியதைவிட அசிங்கமாகப் பட்டது. அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டேன். ஏசிக் காற்று நேராக மண்டையில் இறங்குகிறது. முடி போய்விட்டது, எண்ணெய் போகவில்லை; குளித்தவுடன் உள்ளங்கையில் ஊற்றித் தலையில் அறைந்து தேய்க்கிற பழக்கம் தலையில் ஒன்றும் இல்லை என்ற செய்தியை இன்னும் கேள்விப்படவில்லை. நான் எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? சாட்சியாக. பத்திரிகையில் ஒருவர் இந்தச் சித்திரம் மில்லின் காம்பவுண்டுச் சுவரில் இருந்தது என்று எழுதினார். அது மில் சுவர் அல்ல, நகராட்சியின் நீரேற்று நிலையத்துச் சுவர் என்று நான் திருத்தி எழுதினேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் மூச்சுவிடுவது மாதிரி. தவறான இடத்தில் செருகிய புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அந்தத் திருத்தத்தைப் பார்த்துவிட்டு மிருதுளா போன் செய்தாள். "சார், அந்தச் சுவரைத் தினமும் பாத்தவங்க இப்ப நீங்க ஒருத்தர்தாங்க சிக்கியிருக்கீங்க." தினமும் பார்த்தேன், உண்மை. எதைப் பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. வந்ததிலிருந்து கேட்கிறாள், முதல் பெண்ணின் சேலைக் கரை அகலமா சின்னதா, மூன்றாவது பெண் காலில் மெட்டி உண்டா, குருவி பார்ப்பது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. தெரியாது, தெரியாது, தெரியாது. வாழ்க்கையில் இத்தனை முறை அடுத்தடுத்து இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. என் மனைவி தனபாக்கியம் இருந்திருந்தால் காது குளிரக் கேட்டிருப்பாள். "ஏனுங்க, ஊர்ல இருக்கற தப்பையெல்லாம் நீங்களே திருத்திட்டா அப்பறம் கடவுளுக்கு என்ன வேலை? நாஞ் செத்தாக்கூட கருமாதிப் பத்திரிகையில ஒத்து மிகும், மிகாதுன்னு பாத்துட்டுத்தான் அழுவீங்க." பார்த்தேன். இரண்டு இடத்தில் மிகவில்லை.

இப்போது விஷயம் எட்டாவது பெண்ணிடம் வந்து நிற்கிறது. மற்ற பெண்கள் நிற்கிறார்கள், இவள் மட்டும் குந்தி உட்கார்ந்து அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறாள். அவள் தலையைச் சுற்றி, முகத்தைத் தொடாமல், கறுப்பாக ஒரு வட்டம். தேவசகாயத்தின் மாணவர் ஒருவர், வரைந்து பல வருஷம் கழித்து எடுத்த கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள்தான் இவர்கள் கையில் இருக்கின்றன. அவற்றில் அந்த வட்டம் தெளிவாகத் தெரிகிறது. மிருதுளா அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, சட்டம் போட்டு, பக்கத்தில் மாட்டத் தயாராக வைத்திருக்கிறாள். எனக்கும் படிக்கக் கொடுத்தாள். புனிதர்களின் தலைக்குப் பின்னால் பொன்னிற ஒளிவட்டம் வரையும் மாதா கோயில் மரபில் வளர்ந்த தேவசகாயம், ஒரு கூலிப்பெண்ணுக்குக் கறுத்த ஒளிவட்டம் தருவதன் வழியாக அந்த மரபையே கவிழ்த்துப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறாள். நல்ல தமிழ். ஒரே ஒரு இடத்தில் எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. அதைக்கூட நான் சொல்லவில்லை. சாரத்தின் மேல் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிற இர்ஃபானுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஓவியக் கல்லூரியில் படித்தவன், தாடி, காதில் பென்சில். "மிருது, அது ஒளிவட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சுவர்ல ஓதம் ஏறியிருக்கும். அந்தாளு அவ்ளோ சீப்பா யோசிக்க மாட்டாரு." "ஓதம் வட்டமா ஏறுமாடா?" "உங்க வீட்டு பாத்ரூம் சுவரப் போய்ப் பாரு, இந்தியா மேப்பே ஏறியிருக்கும்." இந்தச் சண்டை வாரக்கணக்காக நடக்கிறதாம். அவர்களுக்குள் ஒரு விதி உண்டு, அதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை: தேவசகாயம் சுவரில் வைத்தது மட்டும்தான் இங்கே வரும், பிறகு வந்து சேர்ந்தது எதுவும் வராது. சினிமா போஸ்டர், வெற்றிலை எச்சில், மழை ஒழுகிய கோடு, சின்னத்துக்கு வாக்களிக்கச் சொல்லும் அம்புக்குறி, எல்லாவற்றையும் போட்டோவிலிருந்து பார்த்துப் பார்த்து நீக்கிவிட்டார்கள். வட்டம் தேவசகாயத்துடையது என்றால் இருக்கும். இல்லையென்றால் இர்ஃபான் ஒரு கை சுண்ணாம்பை அள்ளி மூடிவிடுவான். யார் தீர்ப்புச் சொல்வது? சாட்சி. மிருதுளா டீ வாங்கப் போயிருக்கிறாள். வந்ததும் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அது எண்ணெய்க் கறை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, இந்தக் கூடத்தில் இருக்கிற எதுவும் அவ்வளவு நிச்சயம் இல்லை. சுவரடியில் ஒரு சிமெண்டுத் திண்டு இருந்தது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருவார்கள், உட்கார்ந்தால் தலை போய்ச் சாய்கிற இடம் எட்டாவது பெண்ணின் தலை. முகத்தைப் பளபளக்கும் எனாமலில் வரைந்திருந்ததால் எண்ணெய் அதில் ஒட்டாது, வழுக்கிவிடும். சுற்றிலும் இருந்த சுண்ணாம்பு குடித்துக்கொள்ளும். அதனால்தான் முகத்தைத் தொடாமல் வட்டம். ஒரு கட்டுரையே எழுதலாம். தனபாக்கியம் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தாள், பகலெல்லாம் காதில் ஊர்க்குரல்களை வாங்கிவிட்டு, சாயங்காலம் வந்து அந்தத் திண்டில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, கரிசலாங்கண்ணியை அரைத்துப் போட்டுக் காய்ச்சுவாள், வீடெல்லாம் பச்சையாக மணக்கும். அந்த எண்ணெய் சொட்டச் சொட்டத் தலையில் இருக்கும். நான் முந்தின ஸ்டாப்பிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன். பஸ் திரும்பும்போது சுவர் வரும், பெண்கள் ஒவ்வொருவராக ஓடுவார்கள், நூல் ஓடும், நான் அதெல்லாம் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்தது அந்த ஒரு தலையளவு இடம். கண் மூடியிருப்பாள். பக்கத்தில் வேறு பஸ்கள் வந்து போகும், அசையமாட்டாள். எங்கள் பஸ் திரும்பினால் மட்டும் கண்ணைத் திறக்காமலே எழுந்து முந்தானையை உதறுவாள். எப்படித் தெரியும் என்று ஒரு தடவை கேட்டேன். "அதோட மொணமொணப்பு தெரியாதாக்கும்? உங்களாட்டமேதான். ஒரு பிரேக்கு போடறதுக்குள்ள நூறு குத்தஞ் சொல்லும்." ஏறி என் பக்கத்தில் உட்காருவாள், என் தோளில் எண்ணெய் படும், சட்டைக் கறை போகாது என்று நான் சொல்வேன். சொல்வேன். கறை போகாது என்று யார் சொன்னது, எல்லாக் கறையும் போகும், இதுவும் மக்களிடையே நிலவுகிற ஒரு தவறான நம்பிக்கைதான். அவள் போன பத்தாம் நாள் காரியம் முடிந்ததும், பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மகள் வீட்டைச் சுத்தம் செய்தாள், நல்ல எண்ணம், தலையணை உறைகளையெல்லாம் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் சோடா போட்டு ஊறவைத்து அலசிக் கொடியில் காயப்போட்டாள். நான் மாடிக்குப் போனபோது வெளுப்பாக ஆடிக்கொண்டிருந்தன. "பாருங்கப்பா, புதுசாட்டம் ஆயிருச்சு" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆனால் நான் யாரை ஏமாற்றுகிறேன். ஒரு தலைக்கு அவ்வளவு பெரிய வட்டம் வராது. திண்டு பொதுத் திண்டு. பூக்கார ஆறுமுகம் மத்தியானமெல்லாம் அங்கேதான் தூங்குவான், அவன் தலைக்கு விளக்கெண்ணெய். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருகிற பெண்கள், டியூட்டி மாறுகிற கண்டக்டர்கள், பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற தேங்காய் வியாபாரி, அவருக்குக் கேட்கவே வேண்டாம். அத்தனை பேர் தலையும் சேர்ந்துதான் அந்த வட்டம். அதில் அவள் பங்கு எவ்வளவு? எந்த ஓரம் அவளுடையது? நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஆயிரம் பேர் புரட்டினால் பக்கத்து முனை கறுக்கும், அதில் இது இன்னார் விரல் என்று எவனாவது சொன்னால் நானே சிரித்திருப்பேன். ஆதாரம் போதாது. இன்னொன்றும் இருக்கிறது, எதிரே இருப்பது அந்தக் கறையே இல்லை. கறையைப் பார்த்து வரைந்ததுகூட இல்லை. கறையின் போட்டோவைப் பார்த்து இர்ஃபான் கருநீலத்தில் குழைத்து அடித்த பெயின்ட். அதில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. நகலின் நகல். ஒட்டுப்பலகையில். இதற்காகவா நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? வீட்டில் அவள் போட்டோக்கள் இருக்கின்றன, கல்யாண ஆல்பம் இருக்கிறது, ரிடையர்மெண்ட் விழாவில் மாலையோடு நிற்கிற படம் இருக்கிறது. அவற்றிலெல்லாம் அவள் கண்ணைத் திறந்து, எவனோ ஒருவன் சொன்னபடி கேமராவைப் பார்க்கிறாள். இது ஒன்றுதான் யாரும் சொல்லாமல் அவள் செய்தது. செய்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அசதி. அசதி போய் ஒரு இடத்தில் சாய்ந்த தடம். இப்போதெல்லாம் குரல் சரியாக ஞாபகம் வருவதில்லை, வார்த்தை வருகிறது, குரல் என் குரலாக இருக்கிறது. கண்ணை மூடினால் பஸ் திரும்புகிறது, பெண்கள் ஓடுகிறார்கள், எட்டாவது பெண் வருகிறாள், திண்டு காலியாக இருக்கிறது. சொல்லிவிடலாமா? "அம்மா, அது எண்ணெய்" என்று சொன்னால் தீர்ந்தது. உண்மை. மிருதுளா கட்டுரையைக் கிழிப்பாள், இர்ஃபான் சுண்ணாம்பை எடுப்பான், ஒரு பிழை திருத்தப்படும், அது என் வாழ்நாள் வேலை. சொல்லாவிட்டால் ஒரு பொய் சட்டம் போட்டு மாட்டப்படும், படிக்கிற பிள்ளைகள் அதை எடுத்து எழுதுவார்கள், அவர்களைப் பார்த்து இன்னொருவன் எழுதுவான், பிழை எப்படிக் குட்டி போடும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். கொதிக்கிற தண்ணீர், சோடா. வெளுப்பாக ஆடுகிறது.

டீ வந்துவிட்டது. காகிதக் கப், சுடுகிறது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை, இந்த மாதிரி இடங்களில் எதையும் எங்கும் வைக்க முடிவதில்லை. மிருதுளா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சார், இப்ப சொல்லுங்க. இவன் உசுரை வாங்கறான். அந்த வட்டம் அப்பவே இருந்துச்சுங்களா?" இருந்தது என்றேன். இதுவரை பிழையில்லை. "பாத்தியா!" என்று கத்தினாள். இர்ஃபான் சாரத்திலிருந்து இறங்கி வந்தான். "இருந்துச்சு சரிங்க சார். அது போட்டோவுலயே தெரியுது. தேவசகாயம் சாரே போட்டதுங்களா, இல்ல பின்னாடி வந்ததா?" எவ்வளவு ஒழுங்காகக் கேட்கிறான். தப்பிக்க ஒரு சந்துகூட வைக்காமல். என் வாய் திறந்தது. திறந்த வாயில் என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் திறப்பதைப் பார்ப்பது மாதிரி நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவரே போட்டதுதான்" என்றேன். அவ்வளவு சுலபம். கூரை இடியவில்லை. மிருதுளா கையைத் தட்டினாள். "சாட்சி சொல்லியாச்சு! சார், உங்க பேரைக் கீழ போட்டுக்கலாங்களா? நேரில் பார்த்த திரு. அவிநாசியப்பன் உறுதிசெய்தார்னு?" போட்டுக்கொள் அம்மா. இர்ஃபான் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றான். முடிந்தது, எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் பிறவிக் குணம், "நிறம்தான் தப்பு" என்று சொல்லிவிட்டேன். இருவரும் திரும்பினார்கள். "கருநீலம் இல்லீங்க தம்பி. பழுப்பு. பழுப்புக்குள்ள கொஞ்சம் பச்சை." அவன் உடனே தட்டை எடுத்துக் குழைத்துக் காட்டினான். இல்லை, இன்னும் பச்சை. இல்லை, இது இலைப் பச்சை, காய்ந்துபோன பச்சை வேண்டும். ஓரத்தில் மஞ்சளடிக்கணும், நடுவில் கறுக்கணும். குழைத்துக்கொண்டே இருந்தான், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், குருவி எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரியாதவனுக்கு இது மட்டும் இவ்வளவு தெரிகிறதே என்று மிருதுளாவுக்குத் தோன்றாமல் இருக்கவேண்டுமே என்ற பயம் ஒருபக்கம், நிறுத்த முடியவில்லை. கடைசியில் தூரிகையில் தொட்டு வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் வைத்தான். அதுதான். இர்ஃபான் இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தான். "என்ன சார் கலர் இது? எங்கம்மா தலகாணி உறையாட்டம் இருக்கு" என்று சிரித்தான். மிருதுளாவும் சிரித்தாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு நின்ற பிறகும் அவன் என்னைப் பார்ப்பது தெரிந்தது, என் முகத்தை அல்ல, தலையை. அப்புறம் சாரத்தில் ஏறி, அந்தப் பச்சையை வட்டம் முழுவதும் அடிக்க ஆரம்பித்தான். மெதுவாக அடித்தான். முகத்தைத் தொடாமல் அடித்தான்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அந்தப் பக்கம் வட்டம் காயக் காய, கண் சொருகியது. பஸ் திரும்பியது. இன்றைக்கு நான் பஸ்ஸில் இல்லை, திண்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னலோரம் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், கண்ணைத் திறந்தால் யாரென்று தெரிந்துவிடும், திறக்கவில்லை. மொணமொணப்பு நெருங்கி வந்தது. ஏசிதான். "சார், மணி ஆச்சுங்க, ஆட்டோ புக் பண்ணட்டுங்களா?" என்று மிருதுளா தோளைத் தொட்டாள். வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்வேன் என்று எழுந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை திறப்பு விழா, கட்டாயம் வரவேண்டும், முன்வரிசையில் நாற்காலி போடுவோம் என்றாள். சொல்லிக்கொண்டே என் பின்னால் எட்டிப் பார்த்தாள். பெஞ்சுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில், உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினுமினுப்பு. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல வளர்ப்பு. வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள். "அண்ணா, பெஞ்சுக்குப் பின்னாடி ஒரு கறைங்க. ஒரு கோட்டு வெள்ளை அடிச்சு விட்டுருங்க." ஒரு செருப்பு கிடைத்தது, இன்னொன்று படிக்குக் கீழே போயிருந்தது. குனிந்து எடுக்கும்போது உள்ளே ரோலர் உருளுகிற சத்தம் கேட்டது.